கல்முனைக் காதில் நாகூர்க் குரல்

ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் கொடியேறும். பன்னிரண்டு நாள் மௌலிதும் பக்கீர்மாரின் றாத்தீபும் நடந்து, கடைசி நாள் கந்தூரிச் சோற்றோடு கொடி இறங்கும். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரால் எழுந்த பள்ளி இது. ஆண்டகையின் உடல் இங்கே இல்லை. தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் இறங்கிய துறைகள் பலவற்றில், சிங்கப்பூரிலும் பினாங்கிலும்கூட, நாகூரின் பேரால் இப்படி ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே ஊரிலிருந்து ஒரு மனிதக் குரலும் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது. அதற்குக் கொடியேற்ற நாள் என்று ஒன்று தேவைப்படவில்லை. நோன்பு காலத்து ஸஹர் வேளையிலும் கலியாண வீட்டு முற்றத்திலும் வயல் வாடியிலும் அது கேட்டது. ‘இசை முரசு’ நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல்.

ஹனீபாவின் வாழ்க்கையைப் பற்றித் தமிழகத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவரைக் கேட்டவர்களைப் பற்றி. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே நீளும் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில், தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நடுவே தமிழ் ஊர்கள். ஒரு பாடகரை வியந்து கேட்பதால் ஒரு மனிதர் வளர முடியுமா? தன்னைத் தான் உள்ளபடி ஏற்றுக்கொள்ளும் துணிவு ஒரு குரலிலிருந்து வருமா? வரும் என்பதற்கு இந்தக் கரை சாட்சி. எந்த வழியாக வந்தது என்பதுதான் ஆராய வேண்டியது.

முதலில் அந்த மனிதர். நம் பக்கத்தில் பெரும்பாலோர் ஹனீபாவைப் பாதியாகத்தான் அறிவார்கள். நபிகளைப் பாடியவர், மதீனாவைப் பாடியவர், ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடியவர் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் குரலும்கூட. 1949இல் அண்ணா கழகத்தைத் தொடங்கிய பின், அதன் மேடைகளில் தலைவர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கட்டிவைத்தது ஹனீபாவின் பாட்டுத்தான். ‘அழைக்கின்றார் அண்ணா’, ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ என்ற பாடல்களோடு வளர்ந்த ஒரு தலைமுறை தமிழகத்தில் இருக்கிறது. 1953இல் கல்லக்குடிப் போராட்டத்தில் கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததைப் பாட்டாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் அவர்தான். சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார், வக்ஃபு வாரியத்தின் தலைவராக இருந்தார், தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. 2015 ஏப்ரல் 8ஆம் திகதி சென்னையில் காலமானார்.

பெரியாரின் பாசறையிலிருந்து கிளம்பிய இயக்கம் அது. கடவுள் மறுப்பாளர்கள் நிறைந்த மேடையில், தலையில் தொப்பியோடு, ஐவேளைத் தொழுகையைப் பாடும் ஒருவர் நின்றார். தொழுகையை மறைத்துக்கொண்டு கட்சிக்குப் போகவில்லை, கட்சியை மறைத்துக்கொண்டு பள்ளிவாசல் விழாவுக்குப் போகவில்லை. இரண்டு இடத்திலும் அதே தொப்பி, அதே குரல், அதே உச்ச சுருதி. தமிழக முஸ்லிம்களின் அச்சுப் பண்பாட்டையும் திராவிட இயக்கத்தையும் சேர்த்து ஆராய்ந்த ஜே.பி.பி. மோர், இந்த இரண்டு நீரோட்டங்களும் எப்படிக் கலந்தன என்பதைப் பத்திரிகைகள், நூல்கள் வழியாகக் காட்டியிருக்கிறார். எழுத்தில் அந்தக் கலப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஹனீபாவின் தொண்டையில் அது கேட்ட மாத்திரத்தில் விளங்கியது.

அந்தக் குரலைச் சற்றுக் கிட்ட நின்று கேட்போம். நாகூரில் சாஸ்திரிய சங்கீதத்துக்கு நல்ல பரம்பரை இருந்தது. தர்கா வித்துவான் எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக இசையில் தேர்ந்தவர். ஹனீபாவின் பாட்டு அந்த வழியில் போகவில்லை. கமகங்களில் நேரம் செலவழிக்காது, ராகத்தை விரித்துக் காட்டாது. திறந்த தொண்டையில், மேல் ஸ்தாயியிலேயே வீடு கட்டிக்கொண்டு, டோலக்கும் ஹார்மோனியமும் பின்னால் ஓடிவர, முன்னால் நடக்கும். சில மெட்டுகள் இந்தித் திரைப்பாடல்களை நினைவூட்டும். அவர் பலம் சொல்லில் இருக்கிறது. வல்லினத்தை அடித்து உச்சரிப்பார். வரியின் கடைசி எழுத்தை விழுங்கமாட்டார். நன்றாகப் பயின்ற பாடகர்களே மூச்சுக்காகக் கைவிடும் அந்த ஈற்றெழுத்து, ஹனீபாவிடம் கதவைச் சாத்துவது போல முழுசாக வந்து முடியும். மேடை ஏறிப் பேசிப் பழகிய ஓர் இயக்கம் அவருக்குக் கொடுத்த சீதனம் அது என்று நினைக்கிறேன். சொல் தெளிவாகக் கடைசி வரிசைக்குப் போக வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாடலை ரி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியிருக்கிறார். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. இரண்டு பெருங்குரல்கள். ஆனால் வித்தியாசம் உடனே தெரியும். சௌந்தரராஜன் பாத்திரத்துக்குள் புகுந்து பாடுகிறார். ஹனீபா யாராகவும் மாறவில்லை, ஹனீபாவாகவே பாடுகிறார். திரை உலகம் அவரை அதிகம் பயன்படுத்தாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கேட்பவர்கள் அவரை நம்பியதற்கும் இதுவே காரணம்.

இனி இந்தக் கரைக்கு வருவோம். இங்கே அந்தக் குரல் வந்து சேர்ந்தபோது, கேட்டவர்களின் மனதில் ஏற்கெனவே ஒரு பழைய வழக்கு நடந்துகொண்டிருந்தது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர்கள் என்று கொழும்பில் ஓர் ஆய்வுரை வாசித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆசனம் மறு வருடமே கிடைத்தது. ஆனால் அந்த உரையின் காயம் ஆறவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார்: எங்கள் வேர் அறபு நாட்டில், தமிழ் நாங்கள் வணிகத்துக்காக எடுத்துக்கொண்ட மொழி. அன்றைய நிலையில் அந்த மறுப்பு அரசியல் தேவையாக இருந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின் வாலாக எண்ணப்படுவதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆயினும் அதற்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு கிழக்கின் தலையில் விழுந்தது. கொழும்பு முஸ்லிமுக்கு ஆங்கிலமும் சிங்களமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அக்கரைப்பற்று விவசாயிக்கும் மருதமுனை நெசவாளிக்கும் இருந்தது தமிழ் ஒன்றுதான். கனவு காண்பதும் கடன் கேட்பதும் துஆக் கேட்பதும் அதில்தான். அந்த மொழியை ‘இரவல்’ என்று சொல்லச் சொன்னால் அவர் மற்றெதைத் தன்னுடையது என்பார்?

மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல்லாண்டுகள் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலில், இந்தக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையை, பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தை, மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதை எப்படிப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள் என்று விரித்துக் காட்டுகிறார். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான், இலங்கையில் முஸ்லிம் அடையாளம் மொழியை விட்டு மதத்தின்மேல் கட்டப்பட்டதற்கு, இரு பக்கமும் எழுந்த மொழித் தேசியவாதங்கள் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதை 2002இல் வெளியான நூலில் விளக்கினார். இருவரையும் சேர்த்து வாசித்தால் இந்த ஊர்களின் சங்கடம் புரியும். வாழ்க்கை ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருந்தது. 1956 தேர்தலில் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்களைத் தெரிவு செய்தன; வென்றவர்கள் நீண்ட நாள் அந்தக் கட்சியில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கசப்புகளின் பட்டியல் நீளமானது.

இந்த வழக்கு நடக்கும் வீட்டுக்குள் வானொலி வழியாக ஹனீபா நுழைந்தார். ‘நாங்கள் யார்’ என்று அவர் விவாதிக்கவில்லை. ஈமானும் துஆவும் தீனும் நல்ல தமிழ்ச் சொற்களோடு தோள் உரசிக்கொண்டு அவர் பாட்டில் நடந்தன. ‘சோனகத் தமிழ்’ என்று கிண்டலுக்கு ஆளான பேச்சில் வளர்ந்த ஒருவருக்கு அது என்ன செய்திருக்கும்! நம் வீட்டில் பேசுகிற மாதிரியே ஒருவர் உரத்துப் பாடுகிறார், உலகம் கேட்கிறது.

வானொலியின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் பெற்ற நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகமே காத்திருந்து கேட்டது. அதன் முஸ்லிம் நிகழ்ச்சி நோன்பு மாதத்தில் வீடுகளின் நேரசூசியையே தீர்மானித்தது. தமிழ் அறிவிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இரு நாட்டவரும் உதாரணம் காட்டும் பி.எச். அப்துல் ஹமீதும் அங்கிருந்து வந்த முஸ்லிம்தான். இதே தீவில் சேலத்திலிருந்து வந்த மொஹிதீன் பேக், சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடி வெசாக் காலத்தின் குரலாகவே ஆனார். அவரைத் தீவு நேசித்ததில் பெருமைதான். ஆனால் முஸ்லிம் பாடகர் ஒருவர் பிறரின் மொழியில் பிறரின் பக்தியைப் பாடி அன்பைச் சம்பாதிப்பதும், தன் மொழியில் தன் பக்தியைப் பாடி நிற்பதும் கேட்பவருக்கு ஒரே பாடத்தைத் தருவதில்லை. கிழக்குக்கு இரண்டாவது பாடம் அவசரமாகத் தேவைப்பட்டது.

சாகாமம் அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவில் பக்கம். பழைய குளம் ஒன்றின் பேர்தான் ஊருக்கும். அந்தப் பக்கத்து வயல் வெளியில் தமிழரின் பூமியும் முஸ்லிம்களின் பூமியும் வரப்பால் மட்டும் பிரிந்து கிடக்கும். கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் இருக்க வேண்டும். வாடியின் குறுக்குக் கம்பில், பனி படாமல் பொலித்தீனில் சுற்றிய ட்ரான்சிஸ்டர் தொங்கும். ஒரு வாடியில் ஒலிப்பது அடுத்த வாடிக்கும் கேட்கும், அடுத்த வாடிக்காரர் தம்பிலுவில் தமிழராகவும் இருப்பார். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ இஸ்லாமியப் பாடலாகவே பிறந்தது. அதைத் தமிழகத்தில் மற்றச் சமயத்தவரும் தம் விழாக்களில் பாடுகிறார்கள் என்று பிற்காலத்தில் எல்லோரும் வியந்து எழுதினார்கள். வயல் காவல் இருந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. வேளாண்மை பிழைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் கையேந்தியவர்கள்தானே.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியதும் கசட் செட் வந்தது. கல்முனைப் பஸ் நிலையத்தைச் சுற்றி ரெக்கோர்டிங் பார்கள் முளைத்தன. கடதாசித் துண்டில் பாட்டின் முதல் சொற்களை எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் ஹனீபா, மறுபக்கம் சௌந்தரராஜனோ கிறாஅத்தோ. எது எந்தப் பக்கம் என்பது அந்தந்த வீட்டின் முடிவு. கலியாண வீடென்றால் தென்னையில் கட்டிய புனல் ஒலிபெருக்கி சுபஹுக்குப் பிறகே பாடத் தொடங்கிவிடும். மாப்பிள்ளை வந்து சேரும் வழி தெரியாதவருக்கு அதுவே வழிகாட்டி.

பாடகர்மீது கொள்ளும் அன்பைப் பற்றி ஆய்வுலகம் சொன்னவை சில இங்கே உதவும். 1956இல் டொனால்ட் ஹோர்ட்டனும் ரிச்சர்ட் வோலும், வானொலி, தொலைக்காட்சி வழியாக வரும் ஒருவரோடு நேயர் கொள்ளும் உறவை ஒருவழி நெருக்கம் என்று விவரித்தார்கள். அவர் என்னோடு பேசுவது போல இருக்கும், நான் சொல்வது அவருக்குக் கேட்காது. இந்த விளக்கத்தில் ஒரு ஏக்கம் ஒளிந்திருக்கிறது, கேட்பவர் ஏதோ ஏமாந்தவர் போல. எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது டியா டினோரா 2000இல் எழுதியது. சாதாரணப் பெண்கள் அன்றாடம் பாட்டை என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் கருவியாக அவர்கள் இசையைக் கையாளுவதைக் காட்டினார். சார்ல்ஸ் ஹிர்ஷ்கைண்ட் கெய்ரோ நகரின் டாக்சிகளிலும் கடைகளிலும் ஒலிநாடாப் பிரசங்கங்களைக் கேட்பவர்களைப் பற்றி 2006இல் எழுதியது இன்னும் கிட்ட வருகிறது. கேட்பது சும்மா இருப்பதாகாது, நெஞ்சைப் பழக்கும் பயிற்சி அது என்பது அவர் வாதம். அதே எகிப்தில் கிராமத்து இமாமின் மகளாகப் பிறந்து, குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கோடு பாட வந்த உம்மு குல்தூமைப் பற்றி வர்ஜினியா டானியல்சன் எழுதியதையும் இங்கே நினைக்கிறேன். எகிப்தியர் அவரிடம் வியந்ததில் முதன்மையானது சொல்லின் தெளிவு. பட்டிக்காட்டுப் பிறப்பை மறைக்காமலே உயர்ந்தார் என்பதும் அவர்மீதான அன்பின் ஒரு பகுதி.

ஹனீபாவின் நேயர்கள் அவரைப் போல ஆக ஆசைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சிலர் பாடிப் பார்த்தார்கள், மீலாத் மேடைகளில் அவர் குரலைப் பிடிக்க முயன்ற பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பெரும்பாலோர் அவரிடமிருந்து பெற்றது வேறு: தான் இருக்கிறபடியே இருந்து நிமிர்ந்து நிற்கலாம் என்ற தைரியம். வளர்ச்சி என்றால் ஏதோ ஒன்றாக மாறுவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர், தமிழை விட்டால்தான் நல்ல முஸ்லிம் என்றோ மார்க்கத்தை ஒதுக்கினால்தான் நல்ல தமிழர் என்றோ எவர் சொன்னாலும் அசையாமல் இருக்கக் கற்பதும் வளர்ச்சிதான், அதுவும் கடினமான வளர்ச்சி.

அந்தக் கல்விக்குப் பரீட்சை 1990இல் வந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் கையில் பையோடு விரட்டப்பட்டார்கள். சாகாமம் போன்ற எல்லைப் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. முஸ்லிம் விவசாயிகளுக்கு வயலுக்குப் போக முடியாத போகங்கள் வந்தன. பக்கத்து வாடியில் ட்ரான்சிஸ்டர் கேட்டவரைப் பார்க்கவே பயம். தமிழ் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு அடைத்த நாட்கள் அவை. அப்போது ‘இந்த மொழியே வேண்டாம்’ என்ற முடிவுக்கு இந்த ஊர்கள் வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. வரவில்லை. மாறாக, அந்தத் தசாப்தத்தில்தான் கிழக்கு முஸ்லிம்களின் தமிழ்க் கவிதை மிகுந்த வீச்சோடு எழுந்தது. சோலைக்கிளி போன்றவர்கள் அச்சத்தையும் சாவையும் இந்தக் கரையின் பேச்சிலேயே எழுதினார்கள். அரசியல் தலைவரான எம்.எச்.எம். அஷ்ரபும் கவிதை எழுதியது தமிழில்தான். மொழியைக் கொலைகாரர்களுக்கு விட்டுக்கொடுக்காத அந்த உறுதிக்குப் பல ஊற்றுகள் உண்டு. பள்ளிக்கூடம், சீறாப்புராணம், குணங்குடியார் பாடல்கள், உம்மாமாரின் தாலாட்டு. அவற்றோடு ஹனீபாவையும் சேர்க்கத் தயங்கமாட்டேன். தமிழ் யாருடைய இயக்கத்துக்கும் சொந்தமில்லை, அதில் ஸலவாத்துச் சொல்லலாம் என்பதை நாற்பது வருடமாகக் காதில் போட்டு வைத்தவர் அவர்.

அவர்மீதான அபிமானத்துக்கு ஒரு நிழலும் இருந்தது, அதை மறைத்தால் ஆய்வு முழுமையாகாது. இந்தக் கரைக்கென்று சொந்தப் பாட்டு உண்டு. வயலிலும் வீட்டிலும் பெண்களும் ஆண்களும் கட்டிய கவி, பொல்லடி, பக்கீர்மார் தகரா அடித்துப் படிக்கும் பைத்து, பிள்ளைக்கு ஊஞ்சலில் பாடும் தாலாட்டு. இசைத்தட்டிலும் வானொலியிலும் ‘இஸ்லாமிய கீதம்’ என்று ஒன்று முறையாக வந்ததும், கவி படிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று ஆகிவிட்டது. படித்த பிள்ளைகளுக்கு முன்னால் அதைப் பாட மூத்தம்மாமார் கூசினார்கள். நாகூர்க் குரல் நம்மை நம் மொழியோடு ஒட்டவைத்தது, அதே வேளை நம் வாசலில் பாடியவளின் குரலைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தது. இதற்கு ஹனீபா பொறுப்பாளி அல்லர், பெரிய ஒலிபெருக்கி எங்கும் செய்கிற காரியம் இது. நிந்தவூரின் எஸ். முத்துமீரான் கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியபோதுதான் அந்தக் கூச்சம் சற்றுக் குறைந்தது. அவர் உழைப்புக்கு இந்தக் கரை பட்ட கடன் பெரிது. தன்னை ஏற்றுக்கொள்வது என்பது தூரத்துப் பெரிய குரலில் தன்னைக் கேட்பதோடு முடிந்துவிடாது. மூத்தம்மாவின் உடைந்த குரலிலும் தன்னைக் கேட்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு மாற்றம் மார்க்கத்துக்கு உள்ளிருந்து வந்தது. எண்பதுகளுக்குப் பின் வளர்ந்த தவ்ஹீத் சிந்தனை கந்தூரியையும் கொடியேற்றத்தையும் கேள்வி கேட்டது. வாத்தியத்தோடு கூடிய பாட்டு கூடுமா என்ற வாதம் வீடுகளைப் பிரித்தது. கசட்டுகள் அலுமாரிக்குள் போயின, சில வீடுகளில் எரிந்தும் போயின. வாத்தியம் இல்லாத நஷீதுகளை இளையவர்கள் விரும்பினார்கள். இறைவனுக்கு இணை வைக்கக்கூடாது என்ற அவர்களின் கவலையின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஹனீபாவை ஒதுக்கியதில் தமிழில் துஆக் கேட்கும் பழக்கமும் சேர்ந்து மெலிந்தது. தன் மொழியில் இறைவனிடம் பேசக் கூசுகிற பிள்ளை எதில் தெளிவு பெறும்? ஹனீபாவின் பாடல்களிலேயே இரண்டு வகை உண்டு: ஆண்டகையைப் பாடியவை, ஏகனிடம் நேரே கேட்பவை. கொடியேற்றத்துக்குப் போகாத வாப்பாமார் பலர் இரண்டாம் வகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பண்பட்ட முடிவாகப் படுகிறது. நேசித்த ஒருவரை முழுசாகக் கும்பிடாமலும் முழுசாக வீசாமலும், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்கிற முதிர்ச்சி அது.

2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் அந்தப் பாவத்தின் கடைசிக் காட்சி நடந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முஸ்லிம் பெண்ணும் தான் யார் என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவளானாள். அடுத்த வருடம் கொள்ளை நோயில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை. 2021இல்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. இந்த இரண்டு வருடமும் ‘நீ யார்’ என்ற பழைய வழக்கை மீண்டும் முதலிலிருந்து திறந்தன. இந்த முறை கேள்வி கேட்டவர்கள் வேறு. பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகளின் காதில் இப்போது இருப்பது ஏ.ஆர். ரஹ்மான், அறபு நஷீத், தமிழ் ராப். கைத்தொலைபேசியில் ஹனீபாவும் இருக்கிறார், தேடினால் வருவார். நோன்பு மாதத்தில் தேடுகிறார்கள்.

ஒரு குரலைக் கேட்டு ஒருவர் எப்படி வளர்கிறார் என்ற கேள்வியில் இன்னும் யாரும் சரியாகக் கை வைக்காத ஒரு பக்கம் இருக்கிறது. இதுவரை நான் எழுதியதில் பெரும்பாலும் ஆண்களின் கேட்டல்தான்: வாடி, ரெக்கோர்டிங் பார், மீலாத் மேடை. ஹனீபாவை மிக நீண்ட நேரம் கேட்டவர்கள் பெண்கள். மேடைக் கச்சேரிக்குப் போகாதவர்கள். குசினியில் வானொலி, மருதமுனையில் தறிக்கருகே வானொலி. வீடு பெண்ணின் சொத்தாக இருக்கும் இந்தக் கரையில், அந்த வீட்டுக்குள் எந்தக் குரல் ஒலிக்கலாம் என்று தீர்மானித்ததில் அவர்களுக்குப் பங்கிருந்தது. அறுபதுகளில் வானொலி கேட்ட பிள்ளைகள் இன்று எழுபது எண்பது வயது உம்மாமார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகளோடு கசட்டுகளையும் கொண்டுபோனது. மிஞ்சியிருப்பது அவர்களின் ஞாபகம்தான். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழும் அறபும் இஸ்லாமியக் கற்கையும் அங்கே ஒரே வளவுக்குள் நடக்கின்றன. எந்தப் பாட்டுக்கு எந்தக் குழந்தை தூங்கியது, எந்தப் பாட்டைக் கேட்டு எந்தத் துக்கம் ஆறியது, எந்த வருடம் பாட்டை நிறுத்தினார்கள், நிறுத்தச் சொன்னது யார், நிறுத்திய பிறகு தறியில் இருந்து எதை முணுமுணுத்தார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். கேட்கப் போகிறவர் அந்தந்த ஊர்ப் பெண்ணாக, முடிந்தால் மத்ரஸாவில் ஓதியவளாகவும் இருப்பது நல்லது. அவளிடம் உம்மாமார் கதவைச் சாத்திவிட்டுப் பாடியே காட்டுவார்கள். ஆண் ஆய்வாளர் போனால் தேத்தண்ணி மட்டும் கிடைக்கும்.